கோலார் தங்கவயலும் அறிவியல் வரலாற்று நூல்களும்: ஒரு பார்வை

சென்ற ஆண்டு பள்ளி திறந்த புதிதில், பெங்களூரிலிருக்கும் என் பேரன் தொலைபேசியில் கூப்பிட்டான். பள்ளியில் 'உன் குடும்பத்தின் ஊர்' என்று ஒரு கட்டுரை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். "தாத்தா, கே.ஜி.எஃப்.ங்கிறது நிஜமாவே இருக்கிற ஊரா, இல்ல சினிமாவுக்குப் போட்ட செட்டா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. 2018-இல் வந்த கன்னடப் படத்தின் பேரால்தான் இன்று வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் தெரிகிறது. "நான் பொறந்ததே ஆண்டர்சன்பேட்டையிலதான்டா. உன் கொள்ளுத் தாத்தா சாம்பியன் ரீஃப்ல இறங்கினவரு" என்றேன். "அப்போ அதைப் பத்தி ஏதாவது புக் இருந்தா சொல்லு. புக் பேரும் எழுதணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க" என்றான்.

புத்தகம் இல்லாமலா? என் அலமாரியில் தங்கவயல் பற்றியும், அதைச் சுற்றிய நிலவியல், இயற்பியல், மின்சாரம் பற்றியும் பத்துப் பன்னிரண்டு நூல்கள் உண்டு. அறிவியல் ஆசிரியனாக இருந்த காலத்தில் சேர்த்தவை பாதி, ஓய்வுக்குப் பிறகு வாங்கியவை பாதி. அவனுக்கு எதைச் சொல்லலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினேன். இரண்டு மாதம் போனது. அவன் எப்போதோ கட்டுரையை எழுதிக் கொடுத்துவிட்டான். நான்தான் இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வாசிப்பில் தோன்றியவற்றையே இம்மலருக்காக எழுதுகிறேன்.

முதலில் நம் ஊரின் சுருக்கமான வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பிறகு, மைசூர் அரசின் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் 1802-இல் இப்பகுதியில் தங்கம் கிடைப்பதைக் கேள்விப்பட்டுத் தேடினார். பிறகு பல ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டுப் பெங்களூரில் குடியேறிய மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர், வாரனின் பழைய கட்டுரையைப் படித்துவிட்டு 1871-இல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலார்ப் பக்கம் வந்தார். 1875-இல் அவருக்குக் குத்தகை கிடைத்தது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. 1883-இல் சாம்பியன் படிவம் தட்டுப்பட்டது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது, 1962-இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் உருவானது, 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. ஏறக்குறைய 120 ஆண்டுகளில் 800 டன் தங்கம். ஆழம் 3 கிலோமீட்டருக்கு மேல்.

இந்தக் கதையை நிலவியல் பக்கத்திலிருந்து சொல்லும் நூல்களில் முதன்மையானது பி.பி. இராதாகிருஷ்ணாவும் எல்.சி. கர்ட்டிசும் எழுதி, இந்திய நிலவியல் கழகம் 1999-இல் வெளியிட்ட 'கோல்ட் இன் இந்தியா'. இராதாகிருஷ்ணா மைசூர் நிலவியல் துறையின் இயக்குநராக இருந்தவர், அக்கழகத்தின் இதழைப் பல்லாண்டுகள் தாங்கிப் பிடித்தவர், 2012-இல் மறைந்தார். கோலார்ப் பட்டையை அவர்கள் விவரிக்கும் முறையைப் படித்தால், நாம் சிறுவயதில் கல் பொறுக்கி விளையாடிய மேட்டின் மேல் நமக்கே ஒரு மரியாதை வந்துவிடும். சுமார் 80 கிலோமீட்டர் நீளம், அகலம் சில கிலோமீட்டர்தான். அந்தக் கருநிறப் பாறை 270 கோடி ஆண்டுகள் பழமையானது. எரிமலைக் குழம்பு கடலடியில் உறைந்து, பிறகு அழுத்தமும் வெப்பமும் பட்டு உருமாறி, அதன் பிளவுகளில் சூடான நீர் கொண்டுவந்த குவார்ட்சும் தங்கமும் படிந்தன. அந்தப் படிவத்தைத் தேடித்தான் நம் பாட்டனார்கள் பூமிக்குள் போனார்கள்.

இங்கே ஒரு தமிழரின் பங்கையும் சொல்ல வேண்டும். ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வி. இராசாமணியும் அவருடைய அமெரிக்கக் கூட்டாளிகளும் 1980-களின் இறுதியில் இந்தப் பட்டையின் கிழக்குப் பக்கப் பாறைகளையும் மேற்குப் பக்கப் பாறைகளையும் தனித்தனியே ஆய்ந்தார்கள். இரண்டின் வயதும் பிறப்பும் வேறு வேறு. தனித்தனி நிலப்பகுதிகள் வந்து ஒட்டிய தையலாகக் கோலார்ப் பட்டை இருக்கலாம் என்று முன்வைத்தார்கள். மலர்களில் குமரிக்கண்டக் கட்டுரை இல்லாத ஆண்டே கிடையாது. கடலுக்குள் போனதாகச் சொல்லப்படும் கண்டத்தைத் தேடுகிற நமக்கு, காலடியில் இரண்டு நிலங்கள் ஒட்டிய தையல் இருக்கிறது என்பது தெரியாமலே போயிற்று. (குமரிக்கண்டக் கருத்து எப்படிப் பிறந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் சுமதி ராமசாமியின் 'தி லாஸ்ட் லேண்ட் ஆஃப் லெமூரியா' என்ற 2004-ஆம் ஆண்டு நூலைப் படிக்கலாம். லெமூர் என்ற விலங்கு மடகாஸ்கரில் ஏராளமாக இருப்பதையும் அதன் இனத்தைச் சேர்ந்தவை இந்தியாவில் இருப்பதையும் விளக்க, 1864-இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலார் கற்பித்த நிலம், எப்படித் தமிழரின் தாயகமாக மாறியது என்று பொறுமையாகச் சொல்கிறார். படித்து யாராவது கோபித்துக்கொண்டால் என்னிடம் வராதீர்கள்.)

'கோல்ட் இன் இந்தியா'வில் எனக்குப் பிடித்த இன்னொன்று, பழங்காலக் குழிகளை அது ஒளிக்காமல் பேசுவது. இந்தியாவின் பெரிய தங்கச் சுரங்கங்கள் பெரும்பாலும், முன்னோர் தோண்டிவிட்டுப் போன குழிகள் இருந்த இடங்களிலேயே அமைந்தன. பொறியாளர்கள் பாறையைப் பார்த்து மட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய குழியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். வாரன் விஷயமும் அப்படித்தானே? அவர் பரிசு அறிவித்தார். ஊரிகம் கிராமத்தார் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசித் தங்கத்தைக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் ஆட்கள் குழிக்குள் இறங்கி மண் எடுப்பதை அவர் போய்ப் பார்த்தார். அப்புறம் எப்படி 'கண்டுபிடித்தவர் வாரன்' ஆயிற்று? எழுதியவர் அவர், அவ்வளவுதான். எழுதி வைத்ததால்தான் லவெல் பல்லாண்டு கழித்துப் படிக்க முடிந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் எழுதியதும் கண்டறிந்ததும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை, குழிகளைப் பற்றி அவ்வளவு எழுதிய நிலவியல் நூல்கள்கூட ஓர் எட்டு எடுத்து வைத்துச் சொல்வதில்லை. 'பழங்காலத்தார்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. வாரன் பார்த்தது 1802-இல் உயிரோடு இருந்த ஆட்களை. அவர்கள் பழங்காலத்தார் அல்லர்.

ஏன் இப்படி என்பதற்கு, கோலாரைக் களமாகக் கொள்ளாத ஒரு நூலில் எனக்கு விடை கிடைத்தது. பிரதிக் சக்ரவர்த்தியின் 'இன்ஸ்கிரிப்ஷன்ஸ் ஆஃப் நேச்சர்' 2020-இல் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் நிலவியல் வளர்ந்தபோது, பாறையின் பழமையும் புராணத்தின் பழமையும் மக்களின் பழமையும் ஒன்றோடொன்று கலந்தன என்பது அவர் வாதம். மலைகளிலும் காடுகளிலும் வாழ்ந்தவர்களைப் பாறையைப் போலவே ஆதிகாலத்தின் மிச்சமாக அன்றைய அறிஞர்கள் பார்த்தார்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டு கோலார் அறிக்கைகளைப் படித்தால் பல வரிகள் வேறு மாதிரி ஒலிக்கின்றன. தங்கம் அலசத் தெரிந்தவனை ஒரு தொழில் அறிந்தவனாக எழுதாமல், நிலத்தோடு கிடந்த ஒரு அடையாளமாக எழுதிவிட்டார்கள். சக்ரவர்த்தியின் நடை கடினம். ஒரு பத்தியை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் படித்தது வீண்போகவில்லை.

அடுத்து மின்சாரம். பலருக்கும் தெரிந்த பெருமைதான்: சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902 ஜூன் 30-இல் தங்கவயலுக்கு வந்தது. சுமார் 147 கிலோமீட்டர் கம்பி. அப்போது உலகிலேயே மிக நீளமான மின்தொடர்களில் அதுவும் ஒன்று. பெங்களூருக்கே 1905-இல்தான் மின்விளக்கு வந்தது. திட்டத்துக்குப் பச்சைக்கொடி காட்டிய திவான் சேஷாத்திரி ஐயர் பாலக்காட்டில் பிறந்தவர். 1901-இல் இறந்துவிட்டதால் விளக்கு எரிந்ததைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதுவரை விறகையும் நிலக்கரியையும் எரித்து ஓடிய இயந்திரங்கள் ஆற்று நீரால் ஓட ஆரம்பித்தன. சுரங்க முதலாளிகளுக்குச் செலவு குறைந்தது; மைசூர் அரசுக்குப் பெரிய வருமானம்.

பொறியியல் வரலாறுகள் இத்துடன் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் கதை இங்கேதான் நமக்கு முக்கியமாகிறது. கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் மின்சாரம் குறையும். தங்கவயலுக்கு ஆண்டு முழுவதும் தடையின்றிக் கொடுக்க வேண்டுமானால், மேலே நீரைத் தேக்கி வைக்க வேண்டும். கண்ணம்பாடியில் அணை கட்ட மைசூர் முனைந்ததற்கு விசுவேசுவரய்யா காட்டிய காரணங்களில் பாசனத்தோடு இதுவும் ஒன்று. அணை வேலை 1911-இல் தொடங்கியது. தஞ்சாவூர்ப் பாசனத்துக்கு என்ன ஆகுமோ என்று சென்னை மாகாணம் எதிர்த்தது. 1914-இல் கிரிஃபின் தீர்ப்பு, அதன்மேல் முறையீடு, 1924-இல் ஒப்பந்தம். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 1991 டிசம்பரை நம்மில் பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த கூலித் தமிழனை ஷாப்டுக்குள் இறக்கி ஏற்றிய மின்சாரத்துக்காகவும்தான் அந்த அணை. அவன் தோண்டிய தங்கம் போனது லண்டனுக்கு. தண்ணீர்ச் சண்டை வந்தபோது பெங்களூரில் அடி வாங்கியது அவன் பேரப்பிள்ளைகள் மாதிரியான ஆட்கள். இதைச் சொல்வது எந்த மாநிலத்தின் மீதும் பழி போட அல்ல. ஒரு சுரங்கத்தின் மின்தேவையும் ஒரு நதியின் சச்சரவும் ஒரே கம்பியால் இணைந்திருப்பதை, தமிழில் ஒரு நூலாவது விரிவாக எழுதியிருக்க வேண்டாமா? காவிரி பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் தங்கவயலை ஒரு வரியில் தாண்டுகிறார்கள். தங்கவயல் பற்றி எழுதுகிறவர்கள் தஞ்சாவூர் வரை போவதில்லை.

இயற்பியல் பக்கம் வந்தால் நம் ஊருக்கு உலகப் புகழ் உண்டு. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் மியூவான் என்னும் துகள்கள், தரையில் ஒரு சதுர மீட்டரில் நிமிடத்துக்குச் சுமார் பத்தாயிரம் விழுகின்றன. பூமிக்குள் போகப் போகப் பாறை அவற்றைத் தடுத்துவிடும். ஹோமி பாபா அனுப்பி, பி.வி. ஸ்ரீகண்டன் 1951-லேயே தங்கவயலில் இந்த அளவீட்டைத் தொடங்கினார். 1960-களின் தொடக்கத்தில் மிக ஆழமான மட்டத்தில் கருவியை வைத்தபோது இரண்டு மாதம் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. சாதாரண ஆளாக இருந்தால் கருவி கெட்டுவிட்டது என்று மூட்டை கட்டியிருப்பான். அவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்: இவ்வளவு அமைதியான இடமென்றால், எதிலும் அகப்படாமல் பூமியையே ஊடுருவிப் போகும் நியூட்ரினோவைப் பிடிக்க இதைவிட நல்ல இடம் ஏது? டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தன. காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ பாறையில் மோதி உண்டாக்கிய மியூவானை 1965-இல் கண்டார்கள். அந்தக் கட்டுரை ஆகஸ்டு நடுவில் அச்சானது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே வேலையைச் செய்த ரெய்ன்ஸ் குழுவின் கட்டுரை அதே மாத இறுதியில் வந்தது. இரண்டு வாரம் முந்திக்கொண்டோம்! 1980-களில் புரோட்டான் சிதைவைத் தேடும் சோதனையும் இங்கே நடந்தது. அதில் சில பதிவுகள் சிதைவாக இருக்கலாம் என்று சொன்னார்கள். பிறகு உலகில் வேறெங்கும் அது உறுதியாகவில்லை.

பாபாவின் நிறுவனத்தைப் பற்றி இந்திரா சௌத்ரி எழுதிய 'குரோயிங் தி ட்ரீ ஆஃப் சயின்ஸ்' (2016) நல்ல நூல். ஆவணங்களோடு வாய்மொழியையும் சேர்த்து, ஒரு நிறுவனம் எப்படி மனிதர்களால் கட்டப்படுகிறது என்று காட்டுகிறார். அறிவியல் வரலாற்றை அப்படித்தான் எழுத வேண்டும். அதைப் படித்தபோதே எனக்கு ஒரு ஆதங்கமும் எழுந்தது. விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்கும் அந்த ஒலிப்பதிவுக் கருவியை, அவர்களின் இரும்புத் தட்டுகளையும் குழாய்களையும் கேஜில் ஏற்றி 2.3 கிலோமீட்டர் கீழே கொண்டுபோய் இறக்கியவர்களிடமும் யாராவது நீட்டியிருக்கக் கூடாதா? அந்த நூலின் அக்கறை வேறு, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். பொதுவாக அறிவியல் கட்டுரைகளின் கடைசியில் சின்ன எழுத்தில் நன்றி என்று ஒரு பத்தி இருக்கும். நிர்வாகம், அதிகாரிகள், கணக்கிட்டுக் கொடுத்தவர் வரை வருவார்கள். கேஜ்காரர் வரமாட்டார். தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க எதிர்ப்பு எழுந்தபோது, 'கோலாரில் ஏற்கெனவே செய்தோம், ஒன்றும் ஆகவில்லை' என்று ஒரு தரப்பு சொன்னது. கோலாரில் கீழே கூட வேலை செய்தவர்களைக் கூப்பிட்டு, 'நீங்க பார்த்தது என்ன, சொல்லுங்க' என்று இரண்டு தரப்பில் எவராவது கேட்டிருக்கலாம் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

இனி உழைப்பாளர் பக்கம். ஜானகி நாயர் 1998-இல் எழுதிய 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' இல்லாமல் இதைப் பற்றிப் பேசவே முடியாது. தங்கவயல் சுரங்கத் தொழிலாளியையும் பெங்களூர் ஆலைத் தொழிலாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். ஒப்பந்தக் கூலிமுறை, தங்கத் திருட்டைக் காரணம் காட்டி வந்த கண்காணிப்பு, லைன் வீடுகள், 1930 ஏப்ரலில் கைரேகைப் பதிவை எதிர்த்து நடந்த பெரிய வேலைநிறுத்தம் எல்லாம் ஆவணத்தோடு இருக்கின்றன. கைரேகை என்றால் குற்றவாளிக்கு எடுப்பது என்று நம்மவர்கள் மறுத்தார்கள்; கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. அந்தப் பக்கங்களைப் படித்தபோது, எங்கள் ஆயா அரைகுறையாகச் சொன்ன 'ரேக ஸ்ட்ரைக்கு' என்ற சொல்லுக்கு அறுபது வயதில் எனக்குப் பொருள் விளங்கியது. இதற்கு மேல் ஒரு வரலாற்று நூல் என்ன செய்ய வேண்டும்?

அதே ஆண்டில் வெளிவந்த ஜி. அலாய்சியசின் 'ரிலிஜன் அஸ் இமான்சிபேட்டரி ஐடென்டிடி' வேறொரு வாசலைத் திறக்கிறது. அயோத்திதாச பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும் எவ்வளவு பெரிய தளமாக இருந்தன என்று அதில் காணலாம். பண்டிதர் 1914-இல் மறைந்த பிறகு, அவருடைய எழுத்துகளைக் கோலார் தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டது. 'தமிழன்' இதழ் 1926-லிருந்து சில ஆண்டுகள் கோ. அப்பாதுரையார் பொறுப்பில் தங்கவயலிலிருந்தே வந்தது. பகலில் பாறை உடைத்தவன் இரவில் பத்திரிகை படித்தான், விவாதித்தான், அச்சுக்குக் காசு போட்டான். பொறியாளர்களின் நூல்களில் வரும் 'எழுத்தறியாத கூலி' எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை. எழுத்தறியாதவர்கள் பலர் இருந்தார்கள், உண்மை. ஆனால் அவர்களுக்குப் படித்துக் காட்ட ஆள் இருந்தது.

ஊர் நினைவுகளாக வந்தவற்றில் பிரிட்ஜெட் ஒயிட்-குமாரின் 2010 நூல் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் தங்கவயலைப் பாசத்தோடு சொல்கிறது. கிளப்பு, கிறிஸ்துமஸ், கேக்கு, பங்களாத் தோட்டம். அந்தத் தங்கவயலும் உண்மைதான். எங்கள் தங்கவயலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வேலி இருந்தது என்பதுதான் வித்தியாசம். ஸ்ரீகுமாரின் 2014 நூல் தகவல்களைப் பரவலாகத் திரட்டித் தருகிறது. ஒரே நூலில் முழுக்கதையும் வேண்டும் என்பவர்களுக்குப் பயன்படும்.

ஆக, அலமாரியில் நிலவியல் ஒரு தட்டு, இயற்பியல் ஒரு தட்டு, தொழிலாளர் வரலாறு ஒரு தட்டு. ஒரு தட்டில் இருப்பவர் இன்னொரு தட்டுக்கு வருவதில்லை. நிலவியல் நூலில் பாறை உண்டு, ஆள் இல்லை. தொழிலாளர் நூலில் ஆள் உண்டு. ஆனால் அவன் பெரும்பாலும் வேலைநிறுத்தத்தில், லைனில், தெருவில் தெரிகிறான். ஷாப்டுக்குள் எட்டு மணி நேரம் அவன் கையும் காதும் என்ன செய்தன என்பது, என் கண்ணுக்குப் பட்டவரை, அங்கேயும் குறைவு. இரண்டு தட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய விஷயம் விழுந்து கிடக்கிறது. அதுதான் ஏர் பிளாஸ்டு.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஆழத்தில் பாறை, தன் மேலிருக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் பாறையின் கனத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. தாதுவை வெட்டி எடுத்துவிட்டால் அந்த இடம் வெறுமையாகும். அதன் சுமை பக்கத்துப் பாறைக்குப் போகும். தாங்குகிற மட்டும் தாங்கி, ஒரு நொடியில் அது வெடித்துச் சிதறும். 1890-களின் இறுதியிலேயே இது ஊரிகம் சுரங்கத்தில் கவனிக்கப்பட்டது. அடைபட்ட காற்று வெடிக்கிறது என்று நினைத்த காலத்தில் 'ஏர் பிளாஸ்டு' என்று பெயர் வைத்தார்கள். காரணம் பாறைதான் என்று தெரிந்து நூல்களில் பெயர் மாறிய பிறகும், எங்கள் வீடுகளில் கடைசிவரை ஏர் பிளாஸ்டுதான். நிலநடுக்கம் அளக்கும் கருவியை 1912 வாக்கிலேயே இங்கே வைத்தார்கள். 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தொடங்கப்பட்டதற்கே இந்த அனுபவம்தான் அடிப்படை. தூண் விடாமல் வெட்டுவது, காலி இடத்தைக் கருங்கல்லால் அடைப்பது, எந்த வரிசையில் வெட்டினால் சுமை பரவும் என்பது, இவையெல்லாம் இங்கே உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடங்கள். சுரங்கம் மூடி நீர் நிரம்பிய பிறகும் கீழே அதிர்வுகள் ஓயவில்லை என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆண்டர்சன்பேட்டையில் சின்ன வயசில் தட்டில் பாத்திரம் கடகடவென்று ஆடினால், அம்மா முதலில் பார்ப்பது கடிகாரத்தை. எந்த ஷிப்டு, யார் கீழே இருக்கிறார்கள் என்ற கணக்கு. தெருவில் எல்லா வாசலிலும் பெண்கள் வந்து நிற்பார்கள். சங்கு ஊதினால் ஓட்டம். நிலஅதிர்வுக் கருவிக்கு முன்பே அந்தத் தெருவுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது என்று ஓரளவு தெரிந்துவிடும். அப்பா ஒருமுறை சொன்னார்: "மரம் முனகுச்சுன்னா இன்னும் நேரம் இருக்குன்னு அர்த்தம். சத்தமே இல்லாம கல்லுத்தூளு கொட்ட ஆரம்பிச்சா, கையில இருக்கிறத போட்டுட்டு ஓடணும்." முட்டுக் கொடுத்த மரத்தின் ஒலியை வைத்து அழுத்தத்தை அறிவது ஒரு அளவீடு இல்லையா? ஏட்டில் எழுதாத அளவீடு. கருவி வைத்தவரின் வரைபடம் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அப்பாவின் காது அவரோடு போய்விட்டது.

சிலிகோசிஸ் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் இந்த நுரையீரல் நோய் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது கோலார் சுரங்கங்களிலிருந்துதான், 1947-இல். மருத்துவ மாணவர்கள் எல்லோரும் இந்த வரியைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த ஆயிரக்கணக்கான நெஞ்சுகளைப் பற்றித் தனி நூலே எழுதலாம். மருத்துவ வரலாற்றில் ஆர்வமுள்ள நம் பிள்ளைகள் யாராவது முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டால் நன்றாயிருக்கும்.

நான் மேலே சொன்ன எந்த நூலும் தமிழில் எழுதப்பட்டதல்ல என்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்; ஆங்கிலத்தில் எழுதினார்கள், தவறில்லை. ஆனால் தங்கவயலில் சுரங்கத்துக்குள் பேசிய மொழி பெரும்பாலும் தமிழ், கூடவே தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் எல்லாம் உடைந்து கலந்த ஒரு தமிழ். கலைச்சொல் அறிஞர்கள் 'பாறை வெடிப்பு' என்று தருகிறார்கள், சரியான சொல்தான். ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு முன்னாள் தொழிலாளியிடம் பேட்டி எடுக்கப் போனால், கல் குவாரியைப் பற்றிக் கேட்கிறீர்களா என்று அவர் திருப்பிக் கேட்பார். எனக்கே நடந்தது. 'ஏர் பிளாஸ்டு' என்றதும்தான் முகம் மாறியது. பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினார். ஆவணத்தை மட்டும் நம்புகிற வரலாற்றாசிரியருக்கும் தூய தமிழை மட்டும் நம்புகிற நமக்கும் ஒரே இடத்தில் கதவு அடைபடுகிறது.

சயனைடு மேடுகளை மறுபடி அலசித் தங்கம் எடுக்கும் பேச்சு இப்போது சூடாக இருக்கிறது. 13 மேடுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் மண். மத்திய அரசின் அந்த யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. முன்பு கழித்துப் போட்டதில் இன்றைய தொழில்நுட்பத்துக்கு எடுக்கக்கூடிய தங்கம் மிச்சமிருக்கிறது என்பது கணக்கு. இருக்கலாம். காற்றடிக்கிற மாதங்களில் அந்த வெள்ளை மண் வீட்டுக்குள் வந்து சோற்றில் விழுந்தது எங்கள் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கிறது. எந்த மேடு எந்த ஆண்டுகளில் கொட்டியது, எந்தப் பக்கம் மழையில் கரைந்து எந்த ஏரிக்குப் போனது என்று சொல்லக்கூடியவர்கள் சிலர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயது.

பேரனுக்குக் கடைசியில் ஜானகி நாயரின் பெயரையும் இராதாகிருஷ்ணாவின் பெயரையும் எழுதச் சொன்னேன். "இதுல கொள்ளுத் தாத்தா வர்றாரா?" என்றான். பெயராக வரவில்லை என்றேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஷாப்டுக்குள் புழங்கிய சொற்களை எழுத ஆரம்பித்திருக்கிறேன். பழைய நண்பர்கள் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காருகிறார்கள். இதுவரை 74 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்பதுக்குப் பொருள் என்ன என்பதில் மூன்று பேருக்கும் சண்டை. நந்திதுர்க்கத்தில் ஒரு பொருள், சாம்பியன் ரீஃபில் வேறு பொருள் என்கிறார்கள். மைசூர் மைன்சில் இறங்கியவர்கள் யாராவது இம்மலரைப் படிக்கிற குடும்பங்களில் இருந்தால், அந்த ஒன்பது சொற்களையும் எடுத்துக்கொண்டு நானே வீட்டுக்கு வருகிறேன்.